தீப்பொறி பறக்குமா?

1

இந்தக் கதை என் தொண்டையில்தான் தொடங்கியது, ஒப்புக்கொள்கிறேன். நாற்பது வயதில் டான்சில் எடுக்க வேண்டும் என்றார்கள். எந்த முறையில் எடுப்பது என்று ஒரு மாதம் படித்தேன். படித்ததுதான் மிச்சம்.

'விருதுநகர் வெயிலில் அழகுமீனா பஸ்ஸை விட்டு இறங்கி' என்று ஆரம்பித்தேன். (வேண்டாம். வெயிலுக்கும் டான்சிலுக்கும் என்ன சம்பந்தம்?)

2

அழகுமீனா நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக வெடிமருந்து அடைப்பவள். அந்த அறைக்குள் இரும்பு நுழையக் கூடாது, உரசினால் பொறி பறக்கும். பித்தளையும் மரமும்தான். இந்த வருஷம் ஏழு தடவை தொண்டை வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல் படுத்துவிட்டாள்.

அவளுக்கும் எனக்கும் ஒரே தொண்டை டாக்டர். டாக்டர் மஹ்ரீன் எங்கள் இருவரையும் சேர்த்தே உட்காரவைத்துச் சொன்னார்.

"கத்தியால எடுத்து நூல் வச்சுக் கட்டலாம். எடுக்கையில ரத்தம் கூடுதலா வரும், பின்னால வலி கொறவு. மின்சூட்டுல எடுத்தா அப்ப ரத்தம் கொறவு, வலி கூடுதல். உப்புத்தண்ணிய வச்சு, கொறஞ்ச சூட்டுலயும் எடுக்கலாம். எப்படி எடுத்தாலும் பத்து நாளைக்கு ரத்தக்கசிவு பயம் உண்டு."

அழகுமீனா கேட்டாள்: "சூடு வைக்கையில தீப்பொறி பறக்குமா டாக்டரம்மா?"

நான் சிரித்துவிட்டேன். மஹ்ரீன் சிரிக்கவில்லை.

"நல்லாக் கேட்டீகக்கா. மயக்கத்துல ஆக்சிஜன் ஓடும்ல, பொறி பட்டா ஆபத்து. அதைக் கொறச்சு வச்சுக்கிட்டுத்தான் செய்வோம். ஒங்க பயம்தான் எங்களுக்கும்."

ஒரு மாதம் படித்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

"அப்ப கத்தியே போதும்," என்றவள் சற்று யோசித்தாள். "கத்தி இரும்புல்லா?"

"இரும்புதான்க்கா."

"தொண்டை ஈரமாத்தான இருக்கும்? சரி, எடுங்க."

3

முடிவு அ: ஏழாம் நாள் விடியலில் ரத்தம் கொப்பளித்து, ஆம்புலன்ஸ் வருவதற்குள்...

(சோகம் வைத்தால்தான் கதை நிற்கும் என்கிற பழைய புத்தி. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: அவள் மகள்கள் ஆஸ்பத்திரி வாசலில்...

எழுதிக்கொண்டிருந்தபோதே போன் வந்தது. அழகுமீனாவிடம் கதைக்குச் சம்மதம் கேட்டு நம்பர் கொடுத்திருந்தேன். குரல் கரகரத்தது.

"சார், இன்னைக்கு எட்டாம் நாளு. ரெண்டு இட்லி தின்னுட்டேன். கதைல என்னைய நல்லா வச்சிருக்கீகளா?"

"நல்லா இருக்கீக," என்றேன். கண் நிறைந்துவிட்டது. அந்தத் தீப்பொறிக் கேள்விக்கும், சிரிக்காத டாக்டருக்கும், அந்த இரண்டு இட்லிக்கும் எப்படி நன்றி சொல்வேன்?*

4

டாக்டர் சொன்ன பத்து நாளில் இன்னும் இரண்டு நாள் பாக்கி. அவற்றை நான் எழுதப்போவதில்லை. என் கை அவ்வளவு நல்ல கை இல்லை என்று மேலே பார்த்தீர்களே. உங்களிடம் தருகிறேன். பொறி படாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

* என் டான்சில் அடுத்த வாரம். கத்திதான்.