அறுபத்தெட்டு கிலோ கட்டில்

எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்தில் பிளைவுட் பலகை, சொன்ன எடையை மட்டும் தாங்கும். கட்டில் செய்யும் ஆசாரி ஆளுக்கொரு பலகை போட்டு, படுக்கப்போகிறவரின் எடையைக் கேட்டு அதன் அடிப்பக்கத்தில் பென்சிலால் எழுதிவிடுவார். எழுதாத எடைக்குப் பலகை பொறுப்பில்லை.

தண்டபாணி ஆசாரி என்னைக் கேட்டபோது என் கொழுந்தியாளும் சகலையும் கூடத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். சகலை தினமும் காலையில் ஓடுகிறவர். நான் "அறுபத்தெட்டு" என்றேன். உண்மையில் தொண்ணூற்றொன்று. அறுபத்தெட்டு என்பது கல்லூரியில் மஞ்சள் காமாலை வந்து தேறிய வாரத்தில் இருந்த எடை. நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். எடை என்றால் என்னவென்று வருடத்துக்கு நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

என் மனைவி வசந்தாமணி "அறுபத்தி மூணுங்க" என்று உள்ளதைச் சொன்னாள்.

முதல் ஞாயிறு மதியம் படுத்தேன். அறுபத்தெட்டு கிலோ கட்டிலில் தங்கியது. மீதி இருபத்து மூன்று கிலோ விளிம்பில் வழுக்கி இறங்கி, தரையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டது. முகம் என்னுடையதுதான். தொப்பை முழுவதும் அதனோடு போயிருந்தது. நான் எழுந்து கண்ணாடி பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. மறுநாள் பழைய சட்டை ஒன்றைத் தேடியெடுத்து இன் பண்ணிப் பள்ளிக்குப் போனேன்.

அது வீட்டிலேயே இருந்துகொண்டது. என்னுடைய பசி, தூக்கம், சிரிப்பு எல்லாம் அதனிடம் இருந்தன. என்னிடம் மிஞ்சியவை நிமிர்ந்த முதுகும் சில அபிப்பிராயங்களும்தான். வசந்தாமணி கச்சாயம் சுட்டால் அது சுடச்சுடத் தின்று இன்னொன்று கேட்டது. அவள் தன் பெரியப்பா வீட்டுப் பாகப்பிரிவினைக் கதையை ஆரம்பித்தால் முடிகிறவரை கேட்டது. பதினேழு வருடங்களில் நான் அந்தக் கதையில் பாதியைத் தாண்டியதில்லை.

ஒரு ஞாயிறு அவள் தலையணையை எடுத்துக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்கினாள்.

"எங்க போற?"

"பேச்சு பாதியில நிக்குதுங்க. நீங்க தூங்குங்க."

எனக்கு வயிறு எரிந்தது. வயிறும் கீழேதான் இருந்தது, ஆனாலும் எரிந்தது. அவள் என் பக்கத்தில் படுக்க வேண்டும், எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஆசாரியை மறுபடி அழைத்தேன். எடையைத் திருத்துவதென்றால், முதலில் சொன்னபோது இருந்த எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்பது முறை. கொழுந்தியாள் பஸ்ஸில் வந்தாள். சகலை ஓடியே வந்தார்.

"எவ்வளவுங்க, வாத்தியாரே?"

வசந்தாமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொண்ணூத்தி ஒண்ணு" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சகலை இன்னொரு முறுக்கு எடுத்துக்கொண்டார். ஆசாரி பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார்.

"காலியாக் கெடந்தா பலகை ஒண்ணும் பண்ணாதுங்க. ஆள் கொறைவாப் படுத்தா மட்டும் மேல தூக்கும்" என்று சொல்லிப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போனார்.

அவர்கள் எல்லோரும் போனதும் நான் கட்டிலில் படுத்து, மேலே வரும்படி தரையைப் பார்த்துக் கையசைத்தேன்.

"பாயே பழகிருச்சு" என்றது இருபத்து மூன்று கிலோ.

வசந்தாமணி அதன் பக்கத்தில் சாய்ந்துகொண்டு, கிணற்றில் சின்னப் பெரியப்பாவுக்கு எத்தனை நாள் பங்கு என்ற இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

என் பலகை மெல்ல எழும்பியது. அலமாரியின் உச்சி தெரிந்தது. அங்கே நிறையத் தூசு இருந்தது. வசந்தாமணி பேச்சை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்துபோய் ஃபேனை அணைத்தாள்.

"தலையப் பாத்துக்கங்க" என்றாள். "காப்பி போட்டதும் ஏணியில கொண்டாந்து தர்றேன்."