நடு வெளுத்த கட்டி

ஐஸ் கம்பெனியின் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த பெண், மறுவாரம் ஒரு கட்டிக்குள்ளிருந்து உயிரோடு வந்தாள். அந்த வாரம் ஐஸ் விலை ஏறியிருந்தது. தகரப் பெட்டியைக் கவிழ்த்துக் கட்டியைத் தள்ளிய மேஸ்திரிக்கு முதலில் தோன்றியது, இதை விற்க முடியாதே என்பதுதான். பிறகுதான் உள்ளே இருப்பது யாரென்று குனிந்து பார்த்தார். அவளுக்கு வயது பத்தொன்பது. தொட்டியின் மேலே பலகை மூடிகளைத் திறந்து மூடுவது அவள் வேலை. வெந்நீர் ஊற்றிக் கரைத்ததும் தும்மிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். அங்கேயே கட்டிகள்மேல் மரத்தூள் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்து நின்றபோது, "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். பெற்ற பெண் வாயிலிருந்து 'நீங்க' என்ற சொல்லை அம்மா அதற்குமுன் கேட்டதே இல்லை.

அவளோடு விழுந்த பையன் மட்டும் கிடைக்கவில்லை. தொட்டியை வடித்தும் பார்த்தாயிற்று. அவனை எல்லோரும் உறிஞ்சி என்றுதான் கூப்பிடுவார்கள், வேலை அப்படி. தொட்டிக்குள் இறக்கிய தகரப் பெட்டியில் தண்ணீர் ஓரத்திலிருந்து உறைந்துகொண்டு வரும், அழுக்கெல்லாம் உறையாமல் நடுவில் ஒதுங்கும். அந்த நடுத்தண்ணீரை ரப்பர் குழாய் விட்டு உறிஞ்சிக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றினால்தான் கட்டி கண்ணாடி மாதிரி வரும். இல்லாவிட்டால் நடு வெளுத்துவிடும், கடைக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். உறிஞ்சியின் கட்டிக்கு அடியில் பேப்பரை வைத்து வாசிக்கலாம் என்று மேஸ்திரி பெருமையடிப்பார். இரண்டு பேரும் காதலித்தார்கள், கால் தடுக்கிச் சேர்ந்தே விழுந்துவிட்டார்கள் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. அவளுக்கும் அதைத்தான் சொன்னார்கள். வேறு கதை தெரியாததால் அவள் அதையே தன் கதையாக எடுத்துக்கொண்டாள்.

அவள் திரும்ப வேலைக்கு வந்த கொஞ்ச நாளில் உறிஞ்சியும் வந்தான். சாப்பாட்டு நேரத்தில் மெஷின் சத்தம் அடங்கியதும், அதே நீலச் சட்டையோடு, தோளில் ரப்பர் குழாயோடு பலகைமேல் நின்றான். மேஸ்திரி பார்த்தார். செத்தவன் சம்பளம் கேட்காததால் பழைய வேலையையே பார்க்க விட்டுவிட்டார். அவள் நினைவெல்லாம் தொட்டித் தண்ணீரில் கலந்து கிடக்கிறது, பெட்டி பெட்டியாக வரும் என்றான் உறிஞ்சி. அவன் காட்டிய கட்டியை அவள் ஐஸ் உடைக்கும் ஊசியால் குத்தி, ஒரு சில்லை வாயில் போட்டாள். அது கரைந்ததும் மரத்தூள் குவியலிடம் ஓடி, "அம்மா, பேன் பார்க்கும்போது காதைத் திருகுவியே, நீதானே?" என்றாள். அம்மா மண்வெட்டியைப் போட்டுவிட்டு அழுதாள். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் வந்தது, ஓட்டிப் பழகிய சைக்கிள் வந்தது, விரல் விறைத்த ஒரு நாளில் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்த உறிஞ்சியும் வந்தான். தன் அம்மாவையே தனக்குத் திருப்பிக் கொடுத்தவன்மேல் அவளுக்கு உயிர். ஒரே சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பேசுவார்கள். மூச்சுப் புகை அவள் வாயில் மட்டும் வரும்.

"எல்லாம் திரும்பிட்டா நீ எங்கூட உள்ள வந்துடணும்," என்றான் ஒருநாள்.

"உள்ளன்னா?"

"தொட்டிக்குள்ள. அங்க போனா குளிரே தெரியாது."

தொட்டிக்குப் புது உப்புப் போடும் நாளில் வருகிறேன் என்று அவள் ஒப்புக்கொண்டாள். அந்த நாள் நெருங்க நெருங்கத் துணிமணிகளை மடித்து அம்மாவின் பெட்டியில் வைத்தாள். "எங்கடி கிளம்புற?" என்று கேட்ட அம்மாவிடம், "எங்கயும் இல்லம்மா," என்றாள்.

உப்புப் போடுவதற்கு முந்தின நாள் உறிஞ்சியின் குழாய் வெடித்தது. செத்தவன் தோளிலேயே கிடந்து ரப்பர் குச்சி மாதிரி விறைத்துப் போயிருந்தது. துணியைச் சுற்றினான், வாயை வைத்து இழுத்துப் பார்த்தான், ஒன்றும் ஆகவில்லை. மதியம் வந்த கட்டிகளெல்லாம் நடு வெளுத்து வந்தன. "செத்தும் உனக்கு ஒழுங்கா வேலை பார்க்கத் தெரியலையேடா," என்று மேஸ்திரி வைதார். விற்காத கட்டிகளை உடைத்துக் கொட்டச் சொல்லி அவளிடம் சம்மட்டியைக் கொடுத்தார். "நீ தொடாத, நான் உடைக்கிறேன்," என்று உறிஞ்சி ஓடி வருவதற்குள் அவள் ஓங்கிப் போட்டாள். வெள்ளைச் சில்லு ஒன்று தெறித்து அவள் உதட்டில் ஒட்டிக் கரைந்தது.

தொட்டியில் விழுந்த அந்த நாள் வந்தது. அன்று அவள் பலகைமேல் நின்றுகொண்டிருந்தாள். "எனக்கு உன்னைப் பிடிக்கல. இனிமே என் பின்னாடி வராத," என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் சரி என்று தலையாட்டினான். பாவமாக இருந்ததால், "அங்க ஒரு மூடி திறந்திருக்கு, பார்த்துப் போ," என்றும் சொன்னாள். அவன் திறந்த இடத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் ஏறுகிறவன் மாதிரி, கோபமே இல்லாமல் உள்ளே கால் வைத்தான்.

சம்மட்டி கையிலிருந்து நழுவியது. இத்தனை நாளும் அவன் உறிஞ்சிச் சாக்கடையில் கொட்டியது இதைத்தான்.

"இதை மட்டும் ஏன் எங்கிட்ட குடுக்கல?"

"அது அழுக்கு," என்றான் உறிஞ்சி. அவன் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தான். "அழுக்கை எடுத்தாத்தானே கட்டி நல்லா வரும்."

"அன்னிக்குச் சொன்னதுதான் இன்னிக்கும். வராத."

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். தொட்டி மூடி ஒன்று தானாக நகர்ந்தது. அவள், "அம்மா" என்று கத்தினாள். அம்மா மண்வெட்டியோடு பலகைமேல் ஏறி வந்து, "கையை விடுடா," என்றாள். பிறகு அவன் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. விட்ட இடத்திலேயே அவனைச் சுற்றித் தண்ணீர் கோத்து உறையத் தொடங்கியது, ஓரத்திலிருந்து உள்நோக்கி. நடுத்தண்ணீரை எடுக்க ஆள் இல்லாததால் நெஞ்சுக்கு நேரே வெளுத்துப்போனது.

அந்தக் கட்டி கரையவில்லை. வெந்நீர் ஊற்றினார்கள், வெயிலில் போட்டார்கள், லாரியில் ஏற்றித் தூரத்தில் தள்ளிவிட்டும் வந்தார்கள். விடிந்தால் பழைய இடத்திலேயே நிற்கும். கடைசியில் வழியை அடைக்காமல் கம்பெனி வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்கள். அப்புறம் தொட்டி மாறியது, முதலாளி மாறினார், மேஸ்திரி கண் பார்வை மங்கி வீட்டோடு இருந்துவிட்டார். அவள் மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டாள், கல்யாணமும் செய்துகொண்டாள். வெயில் ஏறிவிட்டால் லாரி டிரைவர்கள் தண்ணீர் பாட்டிலை அந்தக் கட்டிமேல் சாய்த்து வைக்கிறார்கள். அவளும் தன் பாட்டிலை அங்கேதான் வைக்கிறாள். தண்ணீர் நன்றாகவே குளிர்கிறது.