நூற்றுப் பதினொன்றாவது பிரிவு

சட்டத்தின் எண்களை மாற்றிய புண்ணியவான் யாரென்று தெரிந்தால், சித்திரை வெயிலில் அருப்புக்கோட்டை பைபாஸில் ஒரு நாள் முழுக்க டிராஃபிக் டியூட்டி போட்டுவிடுவேன். பழைய சாட்சியச் சட்டத்தை அச்சுப் பிசகாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்தவள் நான். துறையில் இருப்பவர்களுக்கான எஸ்.ஐ. தேர்வை எழுதும் வயது வரம்பு முடிய எனக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்துப் புதுச் சட்டம் வந்தது. மரண வாக்குமூலம் முப்பத்திரண்டிலிருந்து இருபத்தாறுக்குக் குடிபோனது. நூற்றெட்டு, நூற்றுப் பதினொன்று ஆனது.

மற்ற போலீஸ்காரிகள் மாதிரி எனக்கு உருப்போட வராது. ஒவ்வொரு பிரிவுக்கும் இந்தப் பக்கத்தில் நடந்த ஒரு வழக்கை முடிச்சுப் போட்டு வைப்பேன். இருபத்து மூன்று என்றால் மோட்டார் திருடிய ஒரு மீசைக்காரன். "கண்மாய்க்குள்ள கருவேலங்காட்டுல பொதைச்சு வச்சிருக்கேன் மேடம்" என்று சொல்லி, அவனே வந்து தோண்டியும் கொடுத்தான். போலீஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாது. அவன் சொல்லித் தோண்டி எடுத்தோமே, அந்த அளவுக்கு மட்டும் செல்லும். இப்படிப் படித்தால் எனக்கு மறக்காது.

நூற்றுப் பதினொன்றுக்கு மட்டும் வெளியே ஆள் தேடவில்லை. ஒருவர் உயிரோடு இருந்தால் இயல்பாக யாருக்குத் தகவல் தெரிந்திருக்குமோ, அவர்களுக்கே ஏழு வருடமாக எந்தத் தகவலும் இல்லையென்றால், 'அவர் உயிரோடுதான் இருக்கிறார்' என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். அதுதான் அந்தப் பிரிவு. அதற்கு நான் முடிச்சுப் போட்ட ஆள் என் கணவர் ராஜபாண்டி. நாக்பூர் பக்கம் முறுக்குக் கம்பெனி வேலைக்குப் போனவர், ஒரு பொங்கலுக்கு வரவில்லை, அப்புறம் போனும் எடுக்கவில்லை. புகார் கொடுத்தோம், ஆளனுப்பித் தேடினோம். கம்பெனிக்காரர், "அவன் இங்கருந்து நின்னு ரொம்ப நாளாச்சே" என்றார். அவ்வளவுதான்.

ஸ்டேஷனுக்கு அடையாளம் தெரியாத ஆண் சடலம் என்று எந்த மாவட்டத்திலிருந்து தகவல் வந்தாலும் முதலில் படிப்பவள் நான்தான். வயது சுமார் நாற்பது, மாநிறம் என்றதும் அடுத்த வரிக்கு ஓடுவேன். இடது மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்பைத் தேடுவேன். இல்லையென்றால் உயிர் திரும்பி வரும். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள், இன்றைக்கும் அவர் கிடைக்கவில்லையே என்று மனசு ஏங்க ஆரம்பித்துவிடும். செத்தவர்களுக்கு நடுவில் புருஷனைத் தேடிக்கொண்டு, அவர் அங்கே இருக்கவும் கூடாது, எங்கேயாவது இருக்கவும் வேண்டும் என்று கேட்டால் எந்தச் சாமி கொடுக்கும்?

நல்லவர் என்று சொல்ல மாட்டேன், கோபக்காரர். "போலீஸ்காரி புருஷன்" என்று டீக்கடையில் எவனாவது சிரித்தால் சோறு இறங்காது அவருக்கு. ஆனால் என் டியூட்டி முடிகிற நேரத்துக்கு எக்ஸெல் வண்டியோடு ஸ்டேஷன் வாசலில் நிற்பார். என் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, "ஏட்டம்மா, ஏறுங்க" என்பார். கிண்டல்தான். அந்தக் கிண்டலுக்காக இப்போது என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

வீட்டில் நானும் அத்தையும்தான். அத்தை சோலையம்மாள், அவரைப் பெற்றவர். மாதம் ஒரு தடவை, தங்கச்சி வீட்டில் விட்டிருக்கும் ஆட்டைப் பார்க்கப் பரளச்சிக்குப் போய்வருவார். நான் காய் நறுக்கும்போது தேர்வுக் கைடை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆனால் விடை தப்பென்றால் விட மாட்டார். நூற்றுப் பதினொன்று இருக்கும் பக்கம் வந்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். பெற்ற வயிறு, படிக்க மனசு வராது என்று நானும் விட்டுவிடுவேன்.

ஏழு வருடம் முடிந்ததும் வக்கீல் காளீஸ்வரனைப் போய்ப் பார்த்தேன். மறுமணம் செய்துகொள்ளும் யோசனையெல்லாம் எனக்கு இல்லை. காத்திருந்து காத்திருந்து சலித்துவிட்டது. போதும், இனிமேல் வாசலைப் பார்க்காதே என்று யாராவது சொன்னால் தேவலை, அது கோர்ட்டாக இருந்தாலும் சரி என்று தோன்றியது. "நீங்களும் உங்க மாமியாரும் கூண்டுல ஏறி, ஏழு வருஷமா ஒரு தகவலும் இல்லைன்னு சத்தியம் பண்ணிச் சொல்லணும்" என்றார் வக்கீல்.

அத்தையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "சொன்னாப் போச்சு. எந்தத் தேதியின்னு சொல்லு, வாரேன்" என்று முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அடுத்து ஆடி அமாவாசை வந்தது. வருடா வருடம் மாமனார் பால்ச்சாமிக்குப் புது வேட்டி வாங்கி, இலை போட்டு, செத்தவருக்குப் படைப்பது வழக்கம். பெர்மிஷன் போட்டுவிட்டுக் கடைக்குப் போனவள், இந்த வருடம் இரண்டு வேட்டியாக வாங்கினேன். இரண்டாவது, கரை அகலமானது, என் வீட்டுக்காரருக்குப் பிடித்த மாதிரி. கடைக்காரர் மடித்துக் கொடுக்கும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து இரண்டு இலை போட்டேன். அத்தை வடையைக் கொண்டுவந்தவர் அப்படியே நின்றார்.

"இது யாருக்கு?"

"அவுகளுக்குத்தான் அத்தை. கோர்ட்டுலயே சொல்லப் போறோம்ல, இங்கயும் வச்சுருவோம்."

"எடு அத."

"அத்தை..."

"எலைய எடுன்றேன்ல! உசுரோட இருக்க பிள்ளைக்குப் படையல் வச்சா அவன் ஆயுசுக்கு ஆகாது. என்னைய வெட்டிப் போட்டாலும் வைக்க விட மாட்டேன்." வேட்டியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

எனக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. "உசுரோட இருக்காகன்னு சொல்றவுகதான் நிரூபிக்கணும். சட்டம் அது. எங்க, நிரூபிங்க பாப்போம்."

அத்தை சுவரோரமாக உட்கார்ந்தார். வடைத் தட்டு மடியிலேயே இருந்தது.

"பேசுவான்த்தா" என்றார். "பரளச்சியில என் தங்கச்சி போனுக்கு. ஆட்டப் பாக்கப் போறேன்னு மாசாமாசம் போறேன்ல, அங்க."

நான் ஒன்றும் கேட்கவில்லை. விசாரணையில் அதுதான் வழி. கேட்காமல் நின்றால் மிச்சமும் வந்துவிடும். வந்தது.

"அங்கனயே ஒருத்தியக் கட்டிக்கிட்டான். ரெண்டு பொம்பளப் பிள்ளைக. உங்கிட்டச் சொன்னா நீ போலீஸு, கேஸப் போட்டு உள்ள வச்சிருவ. இல்லையின்னா என்னைய விட்டுட்டுப் போயிருவ. எனக்கு ஒன்னைய விட்டா யாரு இருக்கா?"

சத்தியம் செய்து பொய் சொல்ல இவருக்கு நாக்கு குழறியிருக்காது. கூண்டு, ஜட்ஜ், என் காக்கிச் சட்டை எதுவும் இவரை அசைத்திருக்காது. இலைக்கு முன்னால் ஒரு வேட்டியை வைக்கத்தான் கை வரவில்லை.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம். இருக்கிறார், மூச்சு விடுகிறார், யாரையோ கிண்டல் செய்துகொண்டு வண்டி ஓட்டுகிறார். இனி எந்தச் சடலத்தின் மணிக்கட்டையும் நான் பார்க்க வேண்டாம். அப்புறம்தான் வலித்தது. 'இயல்பாகத் தெரிந்திருக்க வேண்டியவர்கள்' என்று அந்தப் பிரிவில் வருகிறதே, அதில் முதல் ஆள் நான்தான் என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். நான் அதில் கடைசி ஆள்கூட இல்லை.

இரண்டாவது இலையை மடித்து எடுத்தேன். மாமனார் இலைக்குச் சூடம் காட்டினோம். காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு வந்து அத்தைக்கும் பரிமாறினேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"என்னையப் பத்திக் கேப்பாகளா அத்தை?"

"கேக்காம இருப்பானா?" என்று சட்டென்று நிமிர்ந்தார். "போன மாசங்கூட, 'அவ எஸ்.ஐ. ஆயிட்டாளாம்மா'ன்னு கேட்டான்."

ஒருவர் சொன்னதாக இன்னொருவர் வந்து சொல்வது சாட்சியம் ஆகாது. பிரிவு ஐம்பத்தைந்து. தேர்வில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். அதிலும் இந்தச் சாட்சி ஏழு வருடம் என்னிடம் மறைத்தவர், என் கையால் சாப்பிட வேண்டியவர், என் முகம் பார்த்துப் பேசுகிறவர். நேற்று சன்னது வாங்கிய வக்கீல்கூட இரண்டே கேள்வியில் உடைத்துவிடுவார்.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அத்தையின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன்.

"அவுக எப்படிக் கேட்டாகளோ, அப்படியே ஒருக்காச் சொல்லுங்க அத்தை."