நிருஷனுக்கு நடந்த அநியாயம்

தொழில்முறை கோல்ஃப்பில் ஒரு பருவம் முழுக்க எத்தனை விதமாகத் தோற்கலாமோ அத்தனை விதமாகவும் தோற்றுவிட்டு நிருஷன் துணுக்காயில் பஸ்ஸை விட்டு இறங்கினான். மொத்தம் பதினான்கு போட்டிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளிக்கிழமை பின்னேரம் பாதிப் பேரைக் கழித்து அனுப்பிவிடுவார்கள். பதின்மூன்று தடவை அந்தப் பாதியில் அவன் இருந்தான். தப்பித் தவறி ஞாயிறு வரை நின்ற ஒரே தடவையும் கடைசியாக வந்தான். ஒரு ஆறுதல் மட்டும் மிச்சம். ஆட்டம் முடிந்ததும் அடிகளைச் சரிபார்த்துக் கையெழுத்து வைக்கும் அட்டையில் அவன் ஒரு நாளும் பிழையான எண்ணுக்குக் கையெழுத்து வைத்ததில்லை.

அடுத்த மாதம் தெரிவுப் போட்டி. அதில் தேறினால் இன்னொரு வருடம் ஆடலாம். தேறாவிட்டால், அப்பா வீரையா இருபது வருடம் செய்த வேலைதான்: நுவரெலியா மைதானத்தில் பிறருடைய பையைத் தூக்குவது.

சந்தியில் பதாகை கட்டியிருந்தார்கள். 'எமது மண்ணின் மைந்தனுக்கு நீதி வேண்டும்.' யார் அந்தப் பாவம் என்று படத்தைப் பார்த்தால், அது அவனேதான். அப்பா யுத்தம் முடிந்து இங்கே வவுனிக்குளத்துக் கீழ் வயல் செய்ய வந்தவர். மகன் நுவரெலியா மலையிலேயே தங்கிவிட்டான். இந்த மண்ணில் அவன் இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு மாதம் தேறாது.

வயல்காரர்கள் எல்லாரும் சேர்ந்த கமக்காரர் அமைப்பின் கட்டடத்தில் கூட்டம் நிரம்பியிருந்தது. பதினைந்து வருடமாக வாசல்படியோடு நின்று கூட்டம் கேட்ட வீரையா, இன்று முன்வரிசைக் கதிரையில் இருந்தார். தலைவர் செல்வநாயகம் கோல்ஃப் சங்கத்துக்கு அனுப்பவிருந்த மனுவை வாசித்தார்.

"மணிலாவில் இரண்டாம் நாள் எங்கட பிள்ளை எழுபத்தொன்பது எடுத்திருக்கிறான். முதலாம் இடம் குடுத்தது அறுபத்தாறு எடுத்தவனுக்கு. பதினாலு போட்டியிலயும் இதே கூத்துத்தான். எங்கட ஆக்கள் எண்டா உலகம் முழுக்க இப்பிடித்தான் செய்வாங்கள். இதில ஒரு பிரதி எங்கட பிரதேச செயலாளருக்கும் போகுது."

நிருஷனுக்கு வியர்த்தது. இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால் தெரிவுப் போட்டியில் அவனைக் கண்டு பந்தும் சிரிக்கும். எழுந்து நின்றான்.

"ஐயா, கோல்ஃப்ல கொறச்சலா அடிக்கிறவங்கதான் ஜெயிப்பாங்க. நான் நெசமாவே தோத்துட்டேன்."

சபை அவனை இரக்கத்தோடு பார்த்தது.

"வெருட்டி அனுப்பியிருக்கிறாங்கள்," என்றார் செல்வநாயகம் மெதுவாக. "குறைய அடிச்சவன் வெல்லுறதெண்டா வீட்டில படுத்துக் கிடக்கிறவனெல்லே முதலாவது. பயப்பிடாதையும் தம்பி. வீரையா அண்ணையைக் கேப்பம். அந்த மைதானத்தில நிண்டு பழகின மனிசன்."

போன வருடம் வரை அவர் வெறும் வீரையா. 'அண்ணை' புதிது. வீரையா எழுந்து சால்வையைச் சரிசெய்தார்.

"நான் பை தூக்குனவன். ஜெயிச்சது தோத்தது எல்லாம் தொரைமார் பாத்துக்கிட்டது. ஆனா புள்ள அவ்வளவு அடிச்சது நெசந்தாங்க."

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. அந்தச் சந்தடியில் வெற்றிலை துப்ப வெளியே போன அப்பாவின் பின்னால் நிருஷன் போனான்.

"அப்பா, ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்னா? எத்தன அடினு தொரைங்க மறந்தா நாந்தான் சொல்லுவேன்." வீரையா வேலிப் பக்கம் துப்பினார். "நம்ம வயலு வாய்க்கால் கடைசி. பதினஞ்சு வருசமா எல்லாரும் பாய்ச்சி மிஞ்சுனாத்தான் தண்ணி. ரெண்டு வருசம் சிறுபோகம் கருகியே போச்சு. நீ அடிச்சதப் பாத்துட்டு இந்தப் போகம் மொதத் தண்ணி நமக்கு விட்டிருக்காங்க. போய்ப் பாரு, பச்சப் பசேல்னு நிக்கிது."

அவர் குரலில் வெட்கமும் இருந்தது, சந்தோசமும் இருந்தது. நிருஷனுக்கு அழுகை வந்தது.

உள்ளே மனுவை நீட்டினார்கள். முதற் கையெழுத்து வீரையாவுடையது, எழுத்துக் கூட்டி, பெரிதாக. அதற்குக் கீழே பாதிக்கப்பட்டவருக்கென்று இடம் விட்டிருந்தார்கள். நிருஷன் பேனையை எடுத்தான். கை நின்றது. மணிலாவில் அவன் அடித்தது எண்பத்தொன்று. செல்வநாயகம் வரி மாறிப் பார்த்து எழுதியிருக்கிறார். எதற்கு வேண்டுமானாலும் கையெழுத்து வைக்கலாம், பிழையான எண்ணுக்கு வைக்க அவனால் முடியவில்லை. 79ஐ வெட்டி 81 என்று எழுதி, கீழே தன் பெயரை வைத்தான்.

செல்வநாயகம் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, சபைக்குத் தெரிய உயர்த்திப் பிடித்தார்.

"பாத்தியளோ, அதிலயும் இரண்டைக் களவெடுத்திருக்கிறாங்கள்."