அட்டையில் வரைந்த கால்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. மலேசியாவின் ஈப்போவில் ஒரு பேரங்காடி. எனக்கு முன்னால் ஏழு பேர். கவுண்டரில் இருந்த பெண் நாற்காலியில் உட்கார்ந்து சாமான்களை ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள். "உட்கார்ந்துகிட்டு வேலை பார்த்தா இப்படித்தான் நகரும்" என்று அவள் காதுபடவே சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. "அண்ணே, இந்த நாற்காலிக்குப் பெரிய கதை இருக்கு லா. மூனு மணிக்கு எனக்கு ரெஸ்ட். கேக்குறீங்களா?"

புத்தியுள்ளவன் வீட்டுக்குப் போயிருப்பான். நான் காத்திருந்தேன்.

2

அவள் சொன்னதைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: 'அந்த அதிகாலையில் தினேஸ்வரியின் இடது கணுக்கால், மொட்டவிழும் தாமரையைப் போல—'

அடச்சே. வீங்கின காலுக்குத் தாமரையா?

இரண்டாம் தொடக்கம்: 'மர்ம நோய் ஒன்று—'

(துப்பறிய யாரும் வரப்போவதில்லை. விட்டுவிடுகிறேன்.)

நேராகவே சொல்கிறேன். அந்தக் கவுண்டர் பெண் தினேஸ்வரிக்கு நாற்பத்தொரு வயது. பத்து காஜா ஊர்ப் பக்கம், ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுக் கட்டிய தாமான் குடியிருப்பில் வீடு. எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. ஒன்றரை வருடமாக மத்தியானத்துக்குமேல் இடது கணுக்கால் வீங்கும், பாதம் எரியும். இரத்தம் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கால் மட்டும்தான் சரியில்லை.

["பருப்பைக் குறை" என்றார் ஓர் அத்தை. "யாரோ கழிச்சுப்போட்ட எலுமிச்சம்பழத்த மிதிச்சிருப்ப" என்றார் பக்கத்து வீட்டுப் புஷ்பலதா அக்கா. கதையில் இடமில்லை, இருவரையும் அடைப்புக்குள் உட்காரவைக்கிறேன்.]

3

நாற்காலி கேட்டாள். சூப்பர்வைசர் கோகிலன் காகிதங்களைப் புரட்டினான்.

"ரிப்போட் எல்லாம் நோர்மல்தானே லா. நோய்க்குப் பேரே இல்ல. மேல நான் என்னான்னு சொல்றது? நிக்க முடியலன்னா, அடுத்த மாசக் கடைசியோட வேலைய நிப்பாட்டிக்குங்க."

வீட்டில் அவள் ஒருத்தி சம்பளம்தான். ஆகவே என் கதாபாத்திரம் இந்த இடத்தில் கேவிக் கேவி அழுதாள். மறுவாரம் இந்தப் பக்கத்தைப் படித்த உண்மையான தினேஸ்வரி என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் எங்கண்ணே அழுதேன்? எனக்கு வந்தது கோவம்!"

சரி, கோபம். அந்தக் கோபத்தில் ஸ்டோரில் கிடந்த பிஸ்கட் பெட்டிகளைக் கிழித்து எடுத்துப்போனாள். மறுநாள் வேலைக்கு முன் அட்டைமேல் காலை வைத்துக் கறுப்புப் பேனாவால் சுற்றி வரைந்தாள். வேலை முடிந்ததும் அதே அட்டையில், அதே காலைச் சுற்றிச் சிவப்பு. பக்கத்தில் தேதி. வேலை செய்த இருபத்தாறு நாளும் சிவப்புக் கால் கறுப்புக் காலைவிட ஒரு விரல் பெரிசு. லீவு நாள் அட்டைகள் நான்கில் மட்டும் இரண்டு கோடும் ஒட்டியே ஓடின.

4

சொன்ன மாதக் கடைசி வந்தது. மேனேஜர் ஸ்கந்தராஜாவின் மேசைமேல் முப்பது அட்டைகளையும் பரப்பினாள்.

"பேரு டாக்டருக்கே தெரியல சார். தெரிஞ்சா வந்து சொல்றேன். நின்னா வீங்குது, நிக்காட்டி வீங்கல. இது பத்தாதா?"

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வாசலில் நின்ற வீரம்மா, அடுத்த கவுண்டர்காரி, காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றினாள்.

"சார், எனக்கும் ஒரு அட்டை குடுங்க. வரைஞ்சு காட்டுறேன்."

அடுத்த வாரம் ஆறு கவுண்டருக்கும் ஆறு நாற்காலிகள் வந்தன. தூக்கிக்கொண்டுவந்து போட்டவன் கோகிலன். இதை எழுதும்போது எனக்குக் கைதட்டத் தோன்றியது. தனியாக உட்கார்ந்து தட்டினேன்.

5

முடிவு 'அ': பெரிய நிபுணர் ஒருவர் நோயின் பெயரைக் கண்டுபிடிக்கிறார்.

முடிவு 'ஆ': ஒரு காலையில் வீக்கம் மாயமாக—

"ரெண்டும் பொய்," என்றாள் தினேஸ்வரி. "இன்னும் வலிக்குது. பேரும் இன்னும் தெரியல. ஆனா நான் ஜெயிச்சிட்டேன், உட்கார்ந்துகிட்டே ஜெயிச்சிட்டேன். அத எழுதுங்கண்ணே."

எழுதிவிட்டேன். முடிவு என் கையில் இல்லை. கீழே ஒரு பாதம் கொள்ளும் அளவுக்கு வெற்றிடம் விட்டிருக்கிறேன். உங்கள் வலிக்கும் பெயரில்லை என்று யாராவது சொல்லியிருந்தால், புத்தகத்தைத் தரையில் வைத்து அதன்மேல் காலை வையுங்கள். தயங்காதீர்கள், சரஸ்வதியிடம் நான் பேசிக்கொள்கிறேன். முதலில் கறுப்புப் பேனா. சிவப்பு, சாயங்காலத்துக்கு.