தொப்பி கழற்றிய கூட்டம்

ஈனா மக்ஃபேல் கதவைப் பாதிதான் திறந்தாள். வாசலில் நின்றவன் டங்கன் லேர்ட், டன்மோர் கப்பல் கட்டும் கம்பெனியின் அலுவலக ஆள். கம்பெனியின் நூறு வருஷச் சரித்திரத்தைப் புத்தகமாகப் போடுகிறார்களாம், பழைய முகங்களை அவள் அடையாளம் காட்ட வேண்டுமாம். புருஷன் போனதிலிருந்து எட்டிக்கூடப் பார்க்காதவர்களுக்கு இப்போது என்ன திடீர்க் கரிசனம்? உள்ளே விட்டாள், டீ மட்டும் தரவில்லை. அவர்கள் வசிக்கும் கோவன் பேட்டையில், வந்தவருக்கு டீ தராமல் இருப்பதைவிட நாலு வார்த்தை திட்டி அனுப்புவதே மரியாதை.

அவன் ஒரு புகைப்படத்தை மேசையில் வைத்தான். பட்டப்பகலில் கம்பெனி வாசலிலிருந்து ஆயிரக்கணக்கான ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

"புதுக் கப்பலத் தண்ணியில இறக்கின சந்தோஷத்துல லீவு விட்ட நாள்னு போடுறாங்க."

ஈனா படத்தை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். கப்பல் இறங்கும் நாளில் தொப்பிகள் வானத்தில் பறக்கும். இதில் ஒரு தலையிலும் தொப்பியில்லை, எல்லாம் கையில். உள்ளே ஒருவன் செத்தால்தான் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு இப்படி வீட்டுக்கு நடப்பார்கள். ஓரத்தில் அவள் தம்பி ஹியூ. கையில் இரண்டு சாப்பாட்டு டப்பாக்கள். ஒன்று அவனுடையது. மற்றது அன்று சாரத்திலிருந்து விழுந்து செத்த அவள் புருஷன் ஆர்ச்சியுடையது. அவனே கால் தவறினான் என்று அன்றைக்குக் கையைக் கழுவியவர்கள், இன்றைக்கு அவன் சாவையே திருவிழாவாக்கப் பார்க்கிறார்கள்.

"இதுல யாரு சிரிக்கிறா? காட்டு தம்பி, பாப்போம்."

டங்கன் தலை குனிந்தான். "எனக்குத் தெரியும். எங்கப்பாவும் இதுல நடந்து வர்றாரு."

"தெரிஞ்சுமா எழுதின?"

"மேனேஜர் எழுதினது. நான் வாயத் தொறந்தா வேல போயிரும். நீங்க சொன்னா மறுக்க முடியாது. இது சாவு விழுந்த நாள்னு நான் எழுதிக்கிறேன், நீங்க கீழ ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, போதும்."

"ஓஹோ! நீ நல்ல பிள்ள, நான் பலிகடாவா? நான் கையெழுத்து போட்டப்புறம் அதுக்கு மேல என்னத்த எழுதுவீங்களோ!"

"சத்தியமா இல்லீங்க. சாயங்காலம் அச்சுக்குப் போகுது."

அவன் முகத்தையே பார்த்தாள். நல்லவனா, நடிக்கிறானா? ஒன்றும் பிடிபடவில்லை. ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து மாட்டினாள்.

"நானே வந்து உங்க மேனேஜர் மூஞ்சிக்கு நேரா சொல்றேன். நட."

படத்துக்காக அவன் கை நீட்டினான். அவள் அதைத் தன் பைக்குள் வைத்துப் பட்டென்று மூடினாள்.

தெருவில் தூறிக்கொண்டிருந்தது. டங்கன் தொப்பியை மாட்டிக்கொண்டான். ஈனா முன்னால் நடந்தாள். கம்பெனி வாசல் தெரிந்ததும், பயல் நழுவிவிட்டானோ என்று சட்டெனத் திரும்பினாள்.

பின்னால்தான் வந்துகொண்டிருந்தான், நனைந்த தலையோடு. தொப்பி கையில் இருந்தது.