இருபதாவது பிள்ளை

2024 ஏப்ரல் 22, திங்கட்கிழமை காலை, எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பேரணி நடந்தது.

முன்னால் ஒரு மேளம், பின்னால் பலூன் பிடித்த பிள்ளைகள், நடுவில் மண்டல உதவிக் கல்வி அலுவலர் ஜஸீமா. எந்தப் பள்ளியில் எத்தனை இடம், எதை நடத்துவது, எதைப் பக்கத்துப் பள்ளியோடு இணைப்பது என்று மண்டலம் முழுவதற்கும் திட்டமிடுபவர் அவர். இருபது பேருக்குக் குறைந்தால் இந்தப் பள்ளியும் இணைக்கப்படும். அப்புறம் ஐந்து வயதுப் பிள்ளைகள் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். அன்று காலை வரை பதினாறு பேர்தான் இருந்தார்கள்.

"ஓட்டு கேட்டு வந்தவன் போயி ஒரு வாரம் ஆவல, அதுக்குள்ள நீங்களா?" என்றார் வாசலில் மீன் கூடை கழுவிக்கொண்டிருந்த முத்தம்மா. "அவனாச்சும் டீ வாங்கிக் குட்த்தான். நீங்க இன்னா, வெறும் பலூனா?"

"பேத்தியை அனுப்பு. மதியம் முட்டை போடறோம்," என்றார் தலைமையாசிரியர் லட்சுமணன்.

"எனக்கும் போடுவியா நைனா? நானும் வந்து குந்திக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பேத்தி அனிஷா சேர்ந்தாள். சேர வேண்டிய பிள்ளையின் வீட்டு வாசலில் நின்று அதன் பெயரைச் சொல்லி எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கூப்பிடுவது அந்தப் பள்ளியின் வழக்கம். அப்படி இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். கழிமுகத்தை ஒட்டிய கடைசி வீட்டின் முன், யாரும் சொல்லாமலே பிள்ளைகள் "அர்ஜுன்! அர்ஜுன்!" என்று கூப்பிட்டார்கள்.

மோகனப்ரியா வெளியே வந்தார். பிறப்புச் சான்றிதழையும் ஆதார் நகலையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார்.

"பையன் எங்கம்மா?" என்று கேட்டார் ஜஸீமா.

"வருவான். இஸ்கூலு தொறக்குறப்போ வந்துருவான்."

மேளம் நின்றிருந்தது. லட்சுமணன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடை ஆனதால் பையன் உறவினர் வீட்டில், பழவேற்காட்டில் எங்காவது இருப்பான் என்று ஜஸீமா நினைத்துக்கொண்டார். காகிதங்கள் சரியாக இருந்தன. இருபது.

ஜூனில் பள்ளி திறந்த பிறகு சரிபார்க்க வந்தார். ஒரே கூடத்தில் எல்லா வகுப்பும் பாயில் உட்கார்ந்திருந்தன. டிசம்பர் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், சுவரில் இடுப்பளவில் கறுப்புக் கோடாக இன்னும் இருந்தது. லட்சுமணன் வருகை எடுத்தார்.

"அனிஷா."

"உள்ளேன் ஐயா."

"அர்ஜுன்."

"உள்ளேன் ஐயா."

குரல் பின்வரிசையிலிருந்து வந்தது. ஜஸீமா தலைகளை எண்ணினார். பத்தொன்பது. மறுபடி எண்ணினார்.

"அர்ஜுன் யாரு? எழுந்திரு."

யாரும் எழவில்லை. அனிஷா சுவரோரம் காலியாக இருந்த இடத்தைக் காட்டினாள். "அங்கதான் டீச்சர். அவன் வெய்யில்ல குந்த மாட்டான்."

அந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது. புயலுக்குப் பிறகு சுவரில் கசிவு இருப்பதாக லட்சுமணன் சொன்னார். மற்ற இடமெல்லாம் காய்ந்துதான் இருந்தது.

வெளியே வந்ததும் லட்சுமணன் மறைக்கவில்லை. "புயல் அன்னிக்கு, மேடம். அப்பா படகைக் கட்டப் போனாரு, பின்னாடியே போயிருக்கான். முகத்துவாரத்துல அலை இழுத்துட்டுப் போயிடுச்சு. உடம்பு கிடைக்கல."

"செத்த பிள்ளைக்கா சீட் போட்டிருக்கீங்க?"

"அந்த வார்த்தையை இங்க சொல்லாதீங்க மேடம். உடம்பு கரை ஒதுங்கற வரைக்கும் இந்தக் குப்பத்துல யாரும் சொல்ல மாட்டாங்க. சொல்லிட்டா கடல் திருப்பித் தராதாம். அந்த வீட்ல படம்கூட மாட்டல."

"தினமும் ஆஜர் போடறீங்களே, எப்படி?"

"பதில் வருது மேடம்." லட்சுமணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதில் வந்தா போடத்தானே வேணும்?"

பெயரை நீக்க இறப்புச் சான்றிதழ் வேண்டும், அல்லது பெற்றோரின் கடிதம். சான்றிதழுக்கு வழியில்லை. ஜஸீமா கடைசி வீட்டுக்கு நடந்தார். உள்ளே கொடியில் புதுச் சீருடை தொங்கியது.

"பேரை எடுக்கச் சொல்லி ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. இல்லாத பிள்ளையைக் காட்டி நான் பள்ளிக்கூடம் நடத்த முடியாது."

பேச்சுக் கேட்டு வந்த முத்தம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "பத்தொம்போது புள்ளைங்களும் லாரி ரோட்டத் தாண்டணும், அதானே? ஒண்ணு அடிபட்டா அத எந்தக் கணக்குல எழுதுவே மேடம்?"

ஜஸீமா மோகனப்ரியாவைப் பார்த்தார்.

"காலைல அவன் பேர இஸ்கூல்ல கூப்புடுறது இங்க வரைக்கும் கேக்குது," என்றார் மோகனப்ரியா. குரல் உயரவில்லை. "தண்ணி வரைக்கும் கேக்கும். கூப்புடாத வுட்டா அவனுக்கு வழி எப்டித் தெரியும்? நான் போட மாட்டேன் மேடம்."

திரும்பி வரும்போது பள்ளியில் பிற்பகல் வருகை தொடங்கியிருந்தது. ஜஸீமாவின் ஜீப் கூடத்து ஜன்னலுக்கு நேரே நின்றிருந்தது. அனிஷாவின் பெயர் வந்தது, அடுத்த பெயரும் வந்தது. பதில் வருவதற்குள் ஜஸீமா ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, வண்டியை எடுக்கச் சொன்னார்.

அன்று மாலை, திருவொற்றியூர் அலுவலகத்தில், அந்தப் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையை இருபது என்று பதிவு செய்தார். அவ்வாண்டு பள்ளி இணைக்கப்படவில்லை. 2025 ஏப்ரலில் முதல் வகுப்பு மாணவர் அனைவரும் தேர்ச்சி பெற்றனர். ஜூன் முதல் அர்ஜுன் இரண்டாம் வகுப்பில் இருக்கிறான்.